டியூஷன் எடுக்கும் அண்ணாக்களே, அக்காக்களே... கணக்கு வெச்சிருக்கீங்களா?

காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கி, முகம் கழுவி, ஒரு டீயைக் குடிச்சிட்டு, ஆறு மணிக்கெல்லாம் தெருவில் இருக்கும் நாலு பொடிசுகளை உட்கார வெச்சு, "கணக்கு நோட்டை எடுங்கடா" என்று ஆரம்பிக்கிற ஆளா நீங்கள்? கையைக் கொடுங்கள்! செல்போன் ரீசார்ஜுக்கும் செமஸ்டர் ஃபீஸுக்கும் அப்பாவிடம் கை நீட்டாமல் சமாளிக்கிற வர்க்கம் நீங்கள். உங்களிடம் மூணே மூணு கேள்வி.

ஒண்ணு: போன மாசம் ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை நாள் வகுப்பு எடுத்தீங்க?

ரெண்டு: மூணு வாரத்துக்கு முன்னாடி நடத்தின பாடம் அவங்களுக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கா?

மூணு: "பையன் எப்படித் தம்பி படிக்கிறான்?" என்று அவன் அம்மா வாசலில் நின்று கேட்டால் என்ன சொல்வீங்க?

மூணாவது கேள்விக்கு நம்மில் முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதில் ஒண்ணுதான். "பரவால்ல ஆன்ட்டி, முன்னைக்கு இப்போ நல்லா பண்றான்." அந்தம்மாவுக்கும் அது புரியாது, நமக்கும் புரியாது. பரீட்சை பேப்பர் வரும் நாளில்தான் எல்லாருக்கும் சேர்த்துப் புரியும். அதற்குள் அரை வருஷம் ஓடியிருக்கும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க உங்கள் போனிலேயே சில இலவச வசதிகள் இருக்கின்றன. எதை, எப்படிப் பயன்படுத்தலாம்? வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.

கசினுக்காக ஒரு சாஃப்ட்வேர்

சல்மான் கான் தெரியுமா? சட்டையைக் கழற்றும் பாலிவுட் சல்மான் இல்லீங்க, இவர் வேற. 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நிதி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்து ஊரில் இருந்த கசின் தங்கை நாடியாவுக்குக் கணக்கில் அளவுகளை மாற்றும் பாடம் வரவில்லை. ஆபீஸ் முடிந்ததும் போனில் பேசிக்கொண்டே, யாஹூ டூடுல் என்ற வசதியில் கம்ப்யூட்டரில் கிறுக்கிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். தங்கை தேறிவிட்டாள். விஷயம் சொந்தக்காரர்கள் மத்தியில் பரவ, "எங்க பிள்ளைக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுப்பா" என்று வரிசை கட்டினார்கள். நம்ம ஊர் கதை மாதிரியே இருக்கு இல்ல?

கூட்டம் கூடினதும் யாருக்கு எது வருது, எது வரலை என்று மனசில் வைத்துக்கொள்வது முடியாத காரியமானது. என்ன பண்ணார் மனுஷன்? தானே உட்கார்ந்து ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதினார். அது பிள்ளைகளுக்குக் கணக்குகளைக் கொடுக்கும். யார் எந்தக் கணக்கில் தடுக்கி விழுந்தார்கள் என்று இவருக்குக் காட்டும். யூடியூப் வீடியோக்கள் அதற்கப்புறம், 2006-ல்தான் வந்தன. இன்று உலகமே பார்க்கும் கான் அகாடமி, வீடியோவுக்கு முன்னால் ஒரு டியூஷன் அண்ணாவின் கணக்கு நோட்டாகத்தான் ஆரம்பித்தது.

இந்தக் கணக்கு எதுக்கு?

1984-ல் பெஞ்சமின் ப்ளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவன், சாதாரண வகுப்பில் படித்தவர்களில் 98 சதவிகிதம் பேரைவிட நன்றாகச் செய்தான் என்றார். டியூஷன் விளம்பரங்களுக்கு அல்வா மாதிரியான வரி! பின்னால் வந்த ஆய்வுகள் அத்தனை பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. தனிப்பயிற்சி நிச்சயம் பலன் தரும் என்று மட்டும் காட்டின.

அந்தக் கட்டுரையில் பலரும் தாண்டிப் போகும் ஒரு விஷயம் உண்டு. ப்ளூமின் தனிப்பயிற்சி வகுப்புகளில் பக்கத்தில் உட்கார்ந்து நடத்தியதோடு விடவில்லை. அவ்வப்போது சின்னச் சின்னத் தேர்வு வைத்து, தப்பு எங்கே என்று பார்த்து, அதைச் சரி செய்துவிட்டுத்தான் அடுத்த பாடத்துக்குப் போனார்கள். நாம் டியூஷனில் பக்கத்தில் உட்காருகிறோம், சரி. அந்தப் பரிசோதனையைச் செய்கிறோமா? "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "புரிஞ்சுதுண்ணா" என்றுதான் சொல்லும். புரியலைன்னு சொன்னா இன்னும் அரை மணி நேரம் உட்காரணுமே!

முதல் நாள்: எந்தப் படியில் நிக்கிறான்?

ஒன்பதாம் வகுப்புப் பையன் வந்தால் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். 2005-லிருந்து பிரதம் அமைப்பு நடத்தும் 'ஏசர்' கணக்கெடுப்பில் ஒரு நல்ல பழக்கம் இருக்கு. பிள்ளை எந்த வகுப்பு என்று பார்ப்பதில்லை. எழுத்து படிக்கத் தெரியுதா, சொல் தெரியுதா, சின்னப் பத்தி வருதா, ஒரு கதையை முழுசாகப் படிக்க முடியுதா என்று படிப்படியாகப் பார்க்கிறார்கள். எந்தப் படியில் நிற்கிறது பிள்ளை என்பதுதான் கேள்வி.

நீங்களும் முதல் நாள் அரை மணி நேரம் இப்படி ஒரு சோதனை வையுங்கள். வாய்ப்பாடு, பின்னம், மைனஸ் எண்கள், சமன்பாடு என்று கீழிருந்து மேலே போங்கள். தடுக்கும் இடம் எதுவோ, அங்கிருந்துதான் உங்கள் டியூஷன் ஆரம்பம். இந்த முதல் நாள் முடிவைத் தேதியோடு குறித்து வைத்தால்தான், "முன்னைக்கு இப்போ நல்லா பண்றான்" என்ற வசனத்தில் அந்த 'முன்னை' எது என்று காட்ட முடியும்.

ஒரே ஒரு ஷீட் போதும்

எங்கே குறிப்பது? கூகுள் ஷீட்ஸ் போதும், காசு கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். இடது பக்கம் வரிசையாகத் திறமைகள். மேலே தேதிகள். 'அல்ஜீப்ரா' என்று மொத்தமாக எழுதினால் பிரயோஜனமில்லை. 'மைனஸ் எண்களைப் பெருக்குவது', 'சமன்பாட்டில் பக்கம் மாற்றும்போது குறி மாற்றுவது', 'காரணிப்படுத்துவது' என்று பிரித்து எழுதுங்கள். கட்டத்துக்குள் ஒரே ஒரு எண்:

1 - ஆரம்பிக்கவே தெரியலை
2 - கூட உட்கார்ந்து எடுத்துக்கொடுத்தா வருது
3 - தானாப் போடறான்
4 - மூணு வாரம் கழிச்சுத் திடீர்னு கேட்டாலும் போடறான்

இந்த நாலாம் எண் இருக்கே, அதுதான் மாஸ்! நம்மில் பலர் மூணோடு நிறுத்திவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓடுகிறோம். படித்தது முதல் சில நாட்களில் வேகமாகவும், அப்புறம் மெதுவாகவும் மறந்துபோகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவிட்டார். இன்னைக்கு 3 போட்ட கட்டத்துக்கு நேராக மூணு வாரம் கழித்து வரும் தேதியில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். அந்த நாளில் சத்தமில்லாமல் ஒரு கணக்கைக் கொடுங்கள். வந்தால் 4. வரலைன்னா மறுபடி 2. திட்டத் தேவையில்லை, இன்னொரு தடவை நடத்தினால் போச்சு.

எண்ணுக்கு ஏற்றபடி கட்டம் தானாகவே நிறம் மாறும் வசதியும் ஷீட்டில் இருக்கு. 1-க்குச் சிவப்பு, 4-க்குப் பச்சை என்று வைத்துவிட்டால் ஒரே பார்வையில் விஷயம் விளங்கும். வகுப்பு முடிந்ததும் நோட்டு மூடும் நேரத்தில் ரெண்டே நிமிஷ வேலை. ராத்திரி எழுதிக்கலாம் என்று விட்டீர்களோ, அவ்வளவுதான், எழுதவே மாட்டீர்கள்!

தப்பான விடையிலும் தகவல் இருக்கு

வாரக் கடைசியில் ஐந்து கேள்வியில் ஒரு மினி டெஸ்ட் வைக்க கூகுள் ஃபார்ம்ஸ் நல்ல தோழன். 'குவிஸ்' என்று மாற்றிவிட்டால் அதுவே திருத்தும், அதுவே மார்க்கைக் கூட்டும், விடைகளை ஷீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பேப்பர் திருத்தும் வேலை மிச்சம்.

ஆனால் பாஸ், சூட்சுமம் கேள்வியில் இல்லை, தப்பான விடைகளில் இருக்கு. மைனஸ் 3-ஐ மைனஸ் 4-ஆல் பெருக்கினால் எவ்வளவு? சரியான விடை 12. மத்த மூணு விடைகளை வாய்க்கு வந்தபடி போடாதீர்கள். மைனஸ் 12, மைனஸ் 7, பிளஸ் 7 என்று போடுங்கள். மைனஸ் 12-ஐத் தொட்டவனுக்குப் பெருக்கல் தெரியும், குறி விதி தெரியாது. மைனஸ் 7-ஐத் தொட்டவன் பெருக்காமல் கூட்டியிருக்கிறான். பிளஸ் 7-ஐத் தொட்டவன் கூட்டிவிட்டு, "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற பாட்டை அதன்மேல் ஒட்டியிருக்கிறான். மூணு பேருக்கும் மார்க் பூஜ்யம்தான். ஆனால் நாளைக்கு மூணு பேரிடமும் நீங்கள் பேச வேண்டிய பேச்சு வேற வேற.

இன்னும் சில கைத்தடிகள்

கூகுள் காலண்டர்: வாராவாரம் வரும் வகுப்பை ஒரு தடவை பதிந்தால் போதும், தானாகத் திரும்பத் திரும்ப வரும். உங்கள் இன்டர்னல், பிராக்டிகல், செமஸ்டர் தேதிகளையும் அதிலேயே போட்டு, வகுப்பு இருக்காத நாட்களை ஒரு மாசத்துக்கு முன்னாடியே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். கடைசி நிமிஷ "இன்னைக்கு வர முடியாது ஆன்ட்டி" எல்லாம் வேண்டாமே.

ஆங்கி: 2006-ல் வந்த மனப்பாட அட்டை சாஃப்ட்வேர். ஆங்கிலச் சொற்கள், தனிமங்களின் குறியீடுகள், வரலாற்று ஆண்டுகள் போன்றவற்றுக்கு உதவும். மறந்துபோகும் நேரம் பார்த்து அதே அட்டையை மறுபடி நீட்டும். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் காசு.

கூகுள் கிளாஸ்ரூம்: 2017-லிருந்து பள்ளிக்கூட அக்கவுன்ட் இல்லாதவர்களும் சொந்த ஜிமெயிலில் வகுப்பு தொடங்கலாம். வீட்டுப்பாடம் கொடுக்க, வாங்க வசதி. ஆனால் 13 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் தாங்களாக கூகுள் அக்கவுன்ட் வைத்துக்கொள்ள முடியாது. பொய்யான பிறந்த தேதி போட்டுத் திறந்து கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

மணற்கேணி: தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023-ல் வெளியிட்ட ஆப். நம்ம பாடத்திட்டத்துக்கான வீடியோக்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. நீங்கள் விளக்கிப் புரியாததை வேறொருவர் விளக்கினால் சட்டென்று பிடிபடலாம்.

டியூட்டர்பேர்ட், டீச்வொர்க்ஸ், டியூட்டர்க்ரன்ச்சர் என்று டியூஷன் நிர்வாகத்துக்கென்றே காசு கட்டிப் பயன்படுத்தும் சேவைகளும் உண்டு. நேரம் குறிப்பது, பில் போடுவது, வகுப்புக் குறிப்பு, பெற்றோருக்குத் தகவல் எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். பத்து டியூட்டர்களை வைத்து நடத்தும் சென்டருக்கு அது சரி. நாலு பிள்ளைகளுக்கு? ஷீட் போதும்ப்பா.

காசு விஷயம் கூச்சமில்லாம

டியூஷன் உறவு அதிகமாகக் கெட்டுப்போகும் இடம் ஃபீஸ்தான். "போன மாசம் நீ ஆறு நாள் வரலையே தம்பி" என்பார்கள். "நாலு நாள் நீங்கதான் கல்யாணத்துக்குப் போயிட்டீங்க" என்று சொல்ல நமக்கு வாய் வராது. பக்கத்து வீட்டுக்காரர் ஆயிற்றே!

ஷீட்டில் தேதி இருக்கும்போது வாக்குவாதத்துக்கு வேலையில்லை. எந்த நாள் நடந்தது, எந்த நாள் நடக்கவில்லை, யாரால் என்று ஒரு எழுத்தில் குறித்து வையுங்கள். முதல் நாளே ரெண்டு விஷயம் பேசி, வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பிவிடுங்கள். மாசத்தில் எந்தத் தேதிக்குள் ஃபீஸ், வகுப்பை ரத்து செய்தால் எப்போது ஈடுகட்டுவது. யு.பி.ஐ-யில் வாங்கினால் குறிப்பில் மாசத்தின் பெயரையும் போடச் சொல்லுங்கள். அப்புறம் சண்டையும் இல்லை, சங்கடமும் இல்லை.

அம்மாவுக்கு மூணு வரி

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பெற்றோருக்கு மூணு வரியில் ஒரு செய்தி. என்ன வந்தது, என்ன வரலை, அடுத்து என்ன. உதாரணத்துக்கு:

"வணக்கம் ஆன்ட்டி. மைனஸ் எண் கணக்கெல்லாம் இப்போ தானாப் போடறான். பின்னம் கூட்டறதுல இன்னும் தடுமாறறான். அடுத்த ரெண்டு வாரம் அதைத்தான் பார்க்கப் போறோம், வீட்ல தினம் மூணு கணக்கு மட்டும் போடச் சொல்லுங்க."

அவ்வளவுதான். "நூத்துக்கு எவ்ளோ வாங்குவான்?" என்று கேட்டால் ஜோசியம் சொல்லாதீர்கள். "பக்கத்து வீட்டுப் பொண்ணு எப்படிப் பண்றா?" என்று கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு பிள்ளையின் நிலவரம் இன்னொரு வீட்டுக்குப் போகவே கூடாது. நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் மார்க் போடும் வேலை அறவே கூடாது.

ஷீட் போலீஸ் ஸ்டேஷன் ஆகக் கூடாது

இங்கேதான் ரொம்ப கவனம் தேவை. சிவப்புக் கட்டங்கள் நிறைந்த ஷீட்டை அப்படியே வீட்டுக்கு அனுப்பினால் என்ன நடக்கும்? அன்னைக்கு ராத்திரி பூசை விழும். மறுநாளிலிருந்து பிள்ளை தெரியாததை மறைக்க ஆரம்பிப்பான். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதுவான், விடையைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து எடுப்பான். ஷீட் பச்சையாக மாறும், படிப்பு மாறாது. அப்புறம் அந்தக் கணக்கை வைத்து என்ன செய்வது?

அதனால் பெற்றோருக்குப் போவது மூணு வரிச் சுருக்கம். முழு ஷீட்டைப் பார்க்க வேண்டிய ஆள் படிக்கிற பிள்ளைதான். வாரம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்து, "இதுல எதை மூணுன்னு போடலாம், நீயே சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் நாம் போடுவதைவிடக் கறாராகவே தங்களுக்கு எண் போட்டுக்கொள்ளும். "எனக்குக் கணக்கே வராதுண்ணா" என்று சொல்லும் பிள்ளையிடம், "உனக்குப் பின்னம் கூட்டறது மட்டும்தான் வரலை, பாரு, மத்ததெல்லாம் வருது" என்று காட்ட முடிவது இந்த ஷீட்டால்தான். பத்தாம் வகுப்பு பயத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

இன்னும் சில பாதுகாப்பு விஷயங்கள். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயசு ஆகாதவர்களைக் குழந்தைகள் என்றே சொல்கிறது. அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், நம் தங்கச்சி விவரம் என்றால் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்தால் போதும். ஷீட்டில் முழுப் பெயர், பள்ளிக்கூடம், போட்டோ எதுவும் வேண்டாம், முதல் எழுத்து போதும். 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்பதை அணைத்து வையுங்கள். ஆன்லைன் வகுப்பு என்றால் வீட்டுப் பெரியவர்கள் காதில் விழும் இடத்தில் பிள்ளை உட்காரட்டும். மெசேஜ் எல்லாம் பெற்றோர் நம்பருக்கே போகட்டும். இது உங்களுக்கும் பாதுகாப்பு.

ஏ.ஐ. வந்தாச்சே, நாம எதுக்கு?

நல்ல கேள்வி. 'பின்னம் கூட்டலில் இருபது கணக்கு கொடு' என்றால் சாட்ஜிபிடி நொடியில் கொடுக்கும். வாங்கிக்கொள்ளுங்கள், விடைகளை மட்டும் நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், சில சமயம் அதுவும் சொதப்பும். பிள்ளையின் பெயரையும் மார்க்கையும் அதில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். இன்னைக்கு ஏன் பென்சிலைக் கடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான், ஸ்கூலில் என்ன நடந்தது என்று முகத்தைப் பார்த்துக் கேட்க அதனால் முடியாது. அது உங்கள் வேலை.

கடைசியா ஒண்ணு

2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது ஞாபகம் இருக்கா? கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்க, சாயந்தர வேளைகளில் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெருவிலேயே இருந்த படித்தவர்களைத்தான் தன்னார்வலர்களாகக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணனும் அக்காவும் எவ்வளவு முக்கியம் என்பதை ஊரே பார்த்தது.

ஆனால் அண்ணனும் அக்காவும் ஒரு நாள் போய்விடுவார்கள். ஃபைனல் இயர் முடியும், சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைக்கும், நீங்கள் பெட்டியைக் கட்டுவீர்கள். பிள்ளை அதே தெருவில் அடுத்த டியூஷன் தேடும். புதுசா வருபவர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். பாவம், அதே பாடம், அதே பயம். போவதற்கு முன்னால் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கேட்டுவிட்டு அந்த ஷீட்டை அடுத்தவர் கையில் கொடுத்துப் பாருங்கள். "பின்னம் ஓகே, வடிவியல்ல தேற்றம்னா பயப்படுவான், படம் போட்டுச் சொன்னா பிடிச்சுக்குவான்" என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் ரெண்டு வருஷ உழைப்பு அந்தப் பிள்ளையோடு நிற்கும். கொடுத்த கையோடு உங்கள் போனில் இருப்பதை அழித்துவிடுங்கள்.

நாலு பிள்ளைகளும் ஒரே வரிசையில் சிவப்பாக இருந்தால்? ஹி... ஹி... அது பிள்ளைகள் பிரச்னை இல்லை பாஸ். அந்தப் பாடத்தை நீங்கள் ஒரு தடவை நல்லாப் படிச்சிட்டு வாங்க!